மல்லூர் சாப்பிடவில்லை

ஜூன் 3, திங்கள்

புதிய சோதனை தொடங்கியது.

ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு கிண்ணங்கள். ஒன்றின் மேல் 31, மற்றதின் மேல் 58. ஒன்றில் கம்பெனி இப்போது விற்கும் தீனி. இன்னொன்றில் அதையே மலிவாகச் செய்த புதிய தீனி. எது எது என்று சோதிக்கும் கால்நடை மருத்துவரான எனக்குச் சொல்ல மாட்டார்கள். மருத்துவருக்கும் தெரியாமல் இருந்தால்தான் சோதனை நேர்மையானது என்று விதி.

பையைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. 58இல் பஜ்ஜி சுட்ட எண்ணெயின் மறுநாள் வாடை. விதிகளை எழுதியவர்கள் மூக்கை மறந்துவிட்டார்கள்.

கம்பெனிக்கு எங்களிடமிருந்து ஒரே ஒரு வாக்கியம் வேண்டும். "நாய்கள் இரண்டுக்கும் வேறுபாடு காட்டவில்லை." அது கிடைத்தால் புதிய தீனி அதே நீலப் பையில், அதே விலையில், அதே சிரிக்கும் நாயின் படத்தோடு கடைக்குப் போகும். வாங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. தின்கிறவருக்குத் தெரியும். ஆனால் அவர் பேச மாட்டார்.

பேச மாட்டாதவர்களிடம் கேட்டு எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஜூன் 4, செவ்வாய்

கிண்ணங்களின் பக்கத்தை இன்று மாற்றி வைத்தோம். நேற்று இடது, இன்று வலது. சில நாய்களுக்கு எப்போதும் ஒரே பக்கம்தான் பிடிக்கும். பேருந்தில் ஜன்னல் தேடுகிறவர்களைப்போல. பக்கத்தை மாற்றினால்தான் அது தேர்ந்தெடுத்தது தீனியையா திசையையா என்று தெரியும்.

நாய்களின் பெயர்கள் எல்லாம் நாமக்கல்–சேலம் சாலையின் நிறுத்தங்கள். எனக்கு முன் இங்கே இருந்த டாக்டர் தினமும் சேலத்திலிருந்து பேருந்தில் வந்தாராம். முதலில் வந்த நாய்க்கு முதல் நிறுத்தம், அடுத்ததற்கு அடுத்தது. இப்போது நாய்க் கூடத்தில் பொம்மைக்குட்டைமேடு இருக்கிறான், பாச்சல் இருக்கிறாள், ராசிபுரம் இருக்கிறான். ராசிபுரம் எதை வைத்தாலும் தின்பான். ஒருமுறை என் செருப்பின் வாரைத் தின்றான். அறிவியலுக்கு உபயோகமில்லாதவன்.

மல்லூர் வேறு. கறுப்பு, நெற்றியில் மட்டும் மண்நிறம். இரண்டு கிண்ணங்களையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பாள். சரசக்கா சொன்னாள்:

"கல்யாண வீட்டுல பந்திக்கு வந்த சம்பந்தியாட்டவே பாக்குதுங்க. ரசத்துல உப்பு இருக்குதா, பாயசத்துல முந்திரி இருக்குதான்னு."

சரசக்கா கூடத்தைக் கழுவுகிறவள், தீனி அளக்கிறவள், நாய்களோடு சண்டை போடுகிறவள். என்னை டாக்டர் என்றும் அழைப்பாள், கண்ணு என்றும் அழைப்பாள். கோபம் வந்தால் அம்மிணி.

இன்று மல்லூர் 31ஐ முழுதும் தின்றாள். 58ஐ மூக்கால் என் பக்கம் தள்ளினாள். பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

சோதனை நாய்களோடு பற்று வைக்கக் கூடாது. வேலைக்குச் சேரும்போதே சொன்னார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவள் கூண்டில் மதிய வெயில் விழுகிறது, அதனால் பாச்சலின் கூண்டுக்கு மாற்றினேன். பாச்சல் வெயிலைப் பொருட்படுத்துவதில்லை.

ஜூன் 6, வியாழன்

பாதிக்கு மேற்பட்ட நாய்கள் 58ஐ மிச்சம் வைக்கின்றன. மல்லூர் தொடவே இல்லை.

இயக்குநர் ரத்தினசபாபதி சார் கூடத்துக்கு வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கிண்ணமாகப் பார்த்தார்.

"சாயந்தரத் தீனி கொஞ்சம் சாஸ்தியாப் போடறமோ, இந்துஜா?"

"வழக்கமா போடறதுதான் சார்."

"வெயில் வேற. நாய்க்கு மந்தம் வரும்."

"பழைய தீனிய மட்டும் மந்தமில்லாம சாப்பிடுதுங்க சார்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றி இப்போது யோசிக்கிறேன். இரண்டு பேருக்கும் எது எது என்று தெரியாமலிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

இந்த இடத்தின் வாசல் பலகையில் 'சுதந்திர மதிப்பீட்டு மையம்' என்று போட்டிருக்கிறது. சுற்றுச்சுவரின் நீலப் பெயிண்ட் கம்பெனி கொடுத்தது. கூடத்தின் மின்விசிறிகள், குடிநீர் எந்திரம், நான் உட்கார்ந்து இதை எழுதும் நாற்காலியும்கூட. கல்லூரியில் எங்களுக்கு உணவியல் பாடம் நடத்த வந்தவரும் கம்பெனி ஆள்தான். பாடம் முடிந்ததும் ஓட்டலில் பிரியாணி. பட்டமளிப்பன்று ஆளுக்கொரு ஸ்டெதாஸ்கோப், குழாயில் பொடி எழுத்தில் அவர்கள் பெயர். எத்தனை நாய்களின் இதயத்தை அந்தப் பெயர் வழியாகக் கேட்டிருப்பேன்.

அந்தப் பெயரை இன்று பிளேடால் சுரண்டினேன். முழுதாகப் போகவில்லை. குழாயில் ஒரு கீறல் விழுந்ததுதான் மிச்சம். இதயத்துடிப்பு கேட்கிறது, பரவாயில்லை.

ஜூன் 7, வெள்ளி

ஜெரால்டு வந்திருந்தான். கல்லூரியில் என் வகுப்பு. இப்போது கம்பெனியின் தொழில்நுட்ப மேலாளர். தூத்துக்குடிக்காரன். கார், நீலச் சட்டை, அதே பல் தெரியும் சிரிப்பு.

நான் பச்சைக் குர்தா போட்டிருந்தேன். மற்றவை காயவில்லை.

"என்ன டாக்டரம்மா, எங்க தீனிய நாய் திங்க மாட்டேங்குதாமே? நீ சாபம் விட்டியா?"

"நான் ஏன் விடணும்? ஒரு உருண்டை வாயில போட்டுப் பாரு."

"நாய் திங்கிறத நான் எதுக்குத் திங்கணும்?"

"நான் தின்னேன்."

அவன் என்னைப் பார்த்த விதம் நான்காம் ஆண்டில் பார்த்த விதம். பிறகு மேலாளராகிவிட்டான்.

கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். மல்லூர் அவன் காலணியை மோந்தாள். "இதானா அந்த மகாராணி?" என்றான். அவள் தலையைத் தடவினான். தடவத் தெரிந்தவன். காதுக்குப் பின்னால், எலும்பை ஒட்டி.

போகும்முன் அவனும் இயக்குநரும் அவர் அறையில் நெடுநேரம் இருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

ஜூன் 8, சனி

இனி சோதனை முடியும்வரை நாய்களுக்கு மாலைத் தீனி கிடையாது. இயக்குநரின் உத்தரவு. "பசியைச் சீராக்க."

இதை எனக்கு நானே தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

பசியில்லாத நாய் பிடித்ததை முதலில் தின்னும், பிடிக்காததை விட்டுவிடும். மீதத்தை நிறுத்துப் பார்த்தால் எது பிடித்தது என்று தெரியும். பசித்த நாய் இரண்டையும் தின்றுவிடும். கிண்ணங்கள் இரண்டும் காலி. காலியும் காலியும் சமம். வேறுபாடு இல்லை.

கம்பெனி கேட்டது அந்த வாக்கியத்தைத்தான். அதில் பொய்கூட இல்லை.

மாலை வழக்கமான நேரத்தில் எல்லாம் எழுந்து கதவுப் பக்கம் வந்து நின்றன. குரைக்கவில்லை. சரசக்கா அளவுச் சட்டியை எடுக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தன. அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனாள்.

ஜூன் 9, ஞாயிறு

மூக்குக் கண்ணாடி வாங்கச் சேலம் போனேன்.

நடத்துநர் நிறுத்தங்களைக் கத்திக்கொண்டே வந்தார். எனக்குள் ஒரு வருகைப் பதிவேடு ஓடியது. பொம்மைக்குட்டைமேடு. உள்ளேன். புதன்சந்தை. யாரும் எழவில்லை. பாச்சல். உள்ளேன். புதுச்சத்திரம். யாருமில்லை. ஆண்டகளூர் கேட். யாருமில்லை. ராசிபுரம். உள்ளேன், என் செருப்போடு.

அந்த டாக்டர் வரிசையாகத்தான் பெயர் வைத்தார். ஏன் இத்தனை நிறுத்தங்களில் நாய் இல்லை?

கண்ணாடி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

சரசக்காவிடம் கேட்டேன். அவள் குழாயைப் பிடித்துக் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"புதுச்சத்திரமா? அது போன வருசமே போச்சுங்களே."

"செத்துப் போச்சா?"

"ஐயோ, வாயக் கழுவுங்க! கல்லாட்டம் இருந்துச்சு. வயிறு செரியில்லைன்னு எழுதி ஆருக்கோ தோட்டத்துக்குக் குடுத்துட்டாங்க."

"வயிறு சரியில்லையா?"

"எனக்கென்னங்க தெரியும்? என்ற டிபன் பாக்ஸத் தொறந்து நாலு இட்டிலிய முழுங்குச்சு. கிண்ணத்த மட்டும் தொடாது. புதன்சந்தையும் அப்படித்தான். ஆண்டகளூர் கேட்டு இருக்குதே, அது கிண்ணத்துல ஒண்ணுக்கே அடிச்சு வெச்சுருச்சு. அதுக்கும் வயிறு செரியில்லையாமா." அவள் சிரித்தாள். "கடுப்புல அடிச்சதுக்கும் வயித்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

நான் சிரிக்கவில்லை.

நோயுற்ற நாயின் கணக்கைச் சோதனையில் சேர்க்க வேண்டியதில்லை. அது விதி. நோய் என்று மருத்துவர் எழுதினால் அந்த நாய் கூடத்தை விட்டுப் போகும். மறுத்தவை எல்லாம் நோயாளிகளாகிப் போய்விட்டன. எஞ்சி நிற்பவை கம்பெனியின் தீனியை மறுக்காத நாய்கள். அவற்றைக் கொண்டுதான் மற்ற சிறிய கம்பெனிகளின் தீனியையும் இங்கே ஒப்பிடுகிறோம். அவர்கள் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போகிறார்கள். ஈரோட்டிலிருந்து ஒருவர் கேழ்வரகும் மீன்தூளும் போட்டு ஒரு தீனி செய்து கொண்டுவந்தார். தோற்றதும் என்னிடம் வந்து, "எங்க நாய் விரும்பித் திங்குதுங்களே டாக்டர்" என்றார். சோதனை என்றால் என்ன என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாக. படம் வரைந்து.

காலைச் சோதனை: எல்லாக் கிண்ணங்களும் காலி. ராசிபுரம் கிண்ணத்தின் எண்ணையும் நக்கினான்.

மல்லூர் 31ஐத் தின்றாள். 58இன் முன் நின்றாள். விலா தெரிகிறது. எச்சில் ஒழுகியது. நின்றாள். பிறகு திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

பக்கம் மாற்றினோம். மீண்டும் மறுத்தாள்.

இன்னொரு விதி இருக்கிறது. ஆரோக்கியமான ஒரு நாய் பசித்திருந்தும் அடுத்தடுத்த நாட்களில் ஒரு தீனியை முழுதாக மறுத்தால், அந்தத் தீனி அறிக்கை இல்லாமல் தயாரிப்பாளருக்கே திரும்பிப் போக வேண்டும்.

ஆரோக்கியமான ஒரு நாய். இந்தச் சோதனை முழுவதும் இப்போது அந்த ஒற்றைச் சொல்லின் மேல் நிற்கிறது.

ரத்தினசபாபதி சார் கூப்பிட்டார். டீ வரவழைத்தார்.

"மல்லூருக்கு உடம்பு சுகமில்லைன்னு எழுதிரும்மா. பெரிசா ஒண்ணும் வேண்டாம். இரைப்பை அழற்சின்னு போதும்."

"பார்த்துட்டு எழுதறேன் சார்."

"பாத்துட்டுன்னா?"

"பரிசோதிச்சுட்டு."

டீயில் ஆடை படிந்தது. அவர் அதைக் கரண்டியால் ஒதுக்கினார். "அந்த மறுப்பு விதிய எழுதினதே நாந்தான். தெரியுமா உனக்கு? சின்ன வயசு. அப்ப நமக்குச் சம்பளம் அரசாங்கம் குடுத்துச்சு."

டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

பரிசோதித்தேன். சூடு சரி. ஈறு இளஞ்சிவப்பு. வயிறு மென்மை, வலியில்லை. இரத்தம் எடுத்து நாமக்கல் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஊசி போடும்போது முன்காலை என் மணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டாள். நகம் வளர்ந்திருந்தது. வெட்டிவிட்டேன். வேலை நேரம் முடிந்திருந்தது, அதனால் நேரம் இருந்தது.

ஜூன் 12, புதன்

இரத்தம் சரி. எல்லாம் சரி.

ஜெரால்டு வந்தான். கூடத்துக்குப் பின்னால், கோழிப்பண்ணை வாடை வீசும் வேலியோரம் நின்றோம்.

"இந்து, தீனியில விஷமா இருக்கு? சொல்லு."

"இல்ல."

"நாய் சாவுமா?"

"சாவாது."

"பிறகு எதுக்கு இப்படி நிக்க?"

"அவளுக்குப் பிடிக்கல ஜெரால்டு. அவ்வளவுதான். அத எழுதத்தான இந்த இடமே இருக்கு."

"ஒத்த நாய்க்காக ஒரு ஃபேக்டரிய நிறுத்தச் சொல்லுத."

"ஒத்த நாய் இல்ல. பாதி ஊருக்கு மேல மறுத்துச்சு. நீங்க பட்டினி போட்டீங்க."

அவன் வேலிக் கம்பியைச் சுண்டினான். வெகுநேரம் அதிர்ந்தது. பிறகு குரலை இறக்கினான். நான்காம் ஆண்டுக் குரல்.

"நீ எழுதிக் குடு. உடம்பு சரியில்லாத நாய கூடத்துல வைக்க மாட்டாங்க. ஸ்டாஃப் யாரு வேணும்னாலும் கூட்டிட்டுப் போலாம். நீ கூட்டிட்டுப் போ."

நான் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"உனக்கு அது வேணும். சார்ல இருந்து சரசக்கா வரை எல்லாருக்கும் தெரியும். நகம் வெட்டி விடுத, வெயில் படாத கூண்டு பாத்துக் குடுக்க. எழுதலைன்னா என்ன ஆகும்? உனக்கு வேலை போகும். நாய் கம்பெனிச் சொத்து. ஆரோக்கியமான சொத்து. இங்கேயேதான் கிடக்கும். அதையும் யோசி."

"யோசிக்கறேன்."

"நல்லதுக்குத்தான் சொல்லுதேன் இந்து."

நம்புகிறேன். அதுதான் அவனிடம் தாங்க முடியாதது. நல்லதுக்குத்தான் சொல்கிறான்.

ஜூன் 13, வியாழன்

வீட்டு உரிமையாளரிடம் நாய் வளர்க்கலாமா என்று கேட்டேன். வளர்க்கலாம் என்றார். சும்மாதான் கேட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

சாக்கு மெத்தை ஒன்று விலை விசாரித்தேன். வாங்கவில்லை.

பிற்பகல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மல்லூர் கம்பிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரு கையெழுத்து. இரைப்பை அழற்சி. அவள் என் அறையின் மொட்டைமாடியில் படுத்திருப்பாள். மாலை சோறும் முட்டையும். யாருக்கும் நட்டமில்லை. கொல்லப்படுகிறவர் யாருமில்லை. பார்த்தால் இது ஒரு மீட்பு.

ஆனால் அவள் செய்த ஒரே காரியம் மறுத்தது. பசியோடு, எச்சில் ஒழுக, மறுத்தது. அதை நோய் என்று எழுதிவிட்டு அவளைக் கூட்டிப்போனால் நான் கூட்டிப்போவது யாரை? அந்தக் காரியத்தைச் செய்யாத ஒரு நாயை. புதுச்சத்திரத்துக்கும் ஆண்டகளூருக்கும் இப்படித்தான் யாரோ நல்லது செய்தார்கள். தோட்டம் கிடைத்தது. வாய் போனது.

சரசக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எழுதிக் குடுத்துட்டுக் கூட்டீட்டுப் போங்க கண்ணு. என்னத்துக்கு வம்பு? அவனுக பெரிய ஆளுக."

"எழுதினா இவ பொய் சொன்ன மாதிரி ஆயிடும் அக்கா."

"நாய் என்னத்தப் பொய் சொல்லுது! நீங்கதான சொல்லுவீங்க."

"அதத்தான் சொல்றேன்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "படிச்ச புள்ளைகளுக்கு எதையும் லேசா வெச்சுக்கத் தெரியறதில்ல" என்று எழுந்து போனாள்.

ஜூன் 15, சனி

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"மல்லூர், பெண். முழு ஆரோக்கியம். சோதனையின்போது பசித்திருந்தது. எண் 58ஐ இரண்டு முறை முழுதாக மறுத்தது. மறுப்பு விதி பொருந்தும். மாலைத் தீனி நிறுத்தப்பட்டிருந்ததால் மற்ற நாய்களின் முடிவு செல்லாது."

கீழே கையெழுத்து, பதிவு எண், இரத்த அறிக்கையின் நகல்.

ரத்தினசபாபதி சார் நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"கடைசி வாக்கியம் தேவையா?"

"தேவை சார்."

"திங்கக்கிழமை வரவேண்டாம்."

"சரிங்க சார்."

"நாயப் பாக்கணும்னா பாத்துட்டுப் போ."

பார்க்கவில்லை. பார்த்தால் கூண்டைத் திறந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. இல்லை, பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அந்த நேரத்தில் நிறையப் பேருந்துகள் உண்டு.

பயமாகத்தான் இருந்தது.

ஜூன் 17, திங்கள்

சாதம் குழைந்துவிட்டது. அப்படியே தின்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

சேலத்தில் ஒரு செல்லப்பிராணி மருத்துவமனையில் நேர்காணல். வரவேற்பறைச் சுவர் முழுக்க நீலப் பைகள். மருத்துவர் நல்லவர். என் மதிப்பெண்களைப் பாராட்டினார். பிறகு கேட்டார்:

"அந்த மையத்துல ஏதோ தகராறாமே?"

"நாய் சாப்பிடலைன்னு எழுதினேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் சுவரைப் பார்த்தார். "எங்க வாடகையே அந்தப் பையில இருந்துதாம்மா வருது. தப்பா நினைச்சுக்காத."

நினைக்கவில்லை. எழுந்தேன். வெளியே ஒரு கிழவர் லாப்ரடார் ஒன்றைச் சங்கிலியில் பிடித்தபடி நின்றார். கையில் நீலப் பை. "டாக்டரம்மா, இத விட்டா சோறு போடலாமா? முட்டை போடலாமா? போடவே கூடாதுங்கறாங்க."

படியில் உட்கார்ந்து அவருக்கு எழுதிக் கொடுத்தேன். எவ்வளவு சோறு, எவ்வளவு கோழி, எத்தனை முட்டை, எது கூடாது. வெங்காயம் கூடாது. எலும்பை வேகவைத்துப் போடக் கூடாது. இன்னொருவர் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் எழுதினேன். காவலாளி வந்து, மருத்துவமனைப் படியில் உட்காரக் கூடாது என்றார். எதிர்ச் சாரியில் டீக்கடை பெஞ்சுக்கு மாறினோம். காவலாளியும் பின்னாலேயே வந்தார். அவர் வீட்டிலும் நாய் இருக்கிறதாம்.

ஜூன் 28, வெள்ளி

டீக்கடை பெஞ்சுக்கு மறுபடியும் போனேன். போக வேண்டிய அவசியமில்லை. நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் பூனையோடு.

டீக்கடைக்காரர் கேட்டார்: "இங்கயே போர்டு மாட்டப் போறீங்களா?"

"மாட்டினா?"

"டீ குடிக்கணும். ஆளுக்கு ஒண்ணு. நாய்க்கு வேண்டாம்."

ஜூலை 2, செவ்வாய்

தெரியாத எண். சிறுவயதுக் குரல்.

"இந்துஜா மேடம்ங்களா? நான் பிரணவ். உங்க காலேஜ்தான், ரெண்டு செட் ஜூனியர். உங்க இடத்துல சேர்ந்திருக்கேன்."

"சொல்லுங்க."

"மறுபடி அதே சோதனைய வெச்சாங்க மேடம். இப்பவும் சாயந்தரத் தீனி கிடையாது. இங்க மல்லூர்னு ஒரு..." அவன் நிறுத்தினான். "ஒரு கிண்ணத்தச் சுத்தமா தொட மாட்டேங்குது. இரைப்பை அழற்சின்னு எழுதச் சொல்றாங்க."

"பரிசோதிச்சீங்களா?"

"பண்ணிட்டேன்."

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கு மேடம். எடை குறைஞ்சிருக்கு. மத்தபடி நல்லா இருக்கு."

எடை எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"அப்ப எனக்கு எதுக்குப் போன் பண்றீங்க?"

"நீங்க என்ன எழுதினீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான்."

சொன்னேன். வரிவரியாக. கடைசி வாக்கியத்தையும்.

"வேலை போயிடுங்களா மேடம்?"

"போயிடும்."

"கல்விக் கடன் இருக்குங்க மேடம்."

"எனக்கும் இருக்கு."

"எழுதினா ஏதாச்சும் மாறுமா?"

மாறும் என்று சொல்லியிருக்கலாம். "நான் எழுதினதாலதான் அவங்க மறுபடி சோதனை வைக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு மாறியிருக்கு" என்றேன்.

"சரிங்க மேடம்."

வைத்துவிட்டான். அந்தச் 'சரி' எந்தச் சரி என்று தெரியவில்லை. எழுதுகிறேன் சரியா, புரிந்தது விடுங்கள் சரியா. கல்விக் கடன் உள்ள ஒரு பையனிடம் இதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை. அவனுக்கும் யாராவது ஒரு நல்லது சொல்லியிருப்பார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போ என்று.

கூட்டிக்கொண்டு போய்விட்டால்? அவள் நன்றாக இருப்பாள். இருக்கட்டும். அப்படி நினைக்க முயன்றேன். முடியவில்லை.

ஜூலை 6, சனி

காலையில் சரசக்கா போன் செய்தாள். பின்னால் தண்ணீர் குழாயின் சத்தம், ராசிபுரத்தின் குரைப்பு.

"டாக்டருங்களா? புது டாக்டரையும் அனுப்பிட்டாங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்கறீங்களே அம்மிணி! நீங்க எழுதின மாதிரியே எழுதி வெச்சுட்டான். மீசை கூட செரியா மொளைக்கல, என்ன தைரியம் பாருங்க. பெரிய சாரு அந்தப் பேப்பரக் கையில வெச்சுட்டு உக்காந்தவர்தான், மத்தியானம் சாப்பிடவே போகல."

"மல்லூர்?"

"இருக்குது. சாயந்தரத் தீனிய நாந்தான் போட்டேன், எல்லாத்துக்கும். சட்டிய எடுத்து அளந்து போட்டேன். ஆரு கேக்கறாங்கன்னு பாக்கலாம்னு. ஆரும் கேக்கல."

போனை மறு காதுக்கு மாற்றினேன். அவள் தொடர்ந்தாள்.

"திங்கக்கிழமை மூணாவது டாக்டர் வர்றாங்களாமா. பொம்பளப் புள்ளையாமா. பேரு தெரியல."

"நம்பர் கிடைக்குமா அக்கா?"

"என்னத்துக்குங்க? அந்தப் புள்ள நாயப் பாத்துட்டுத் தானே கூப்புடும்."